காய்ச்சல் விட்ட பிறகுதான் வேலை: டெங்கு வார்டுக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காய்ச்சல் வார்டில் கட்டில் கிடைக்காது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் கார்த்திகை முடியும் வரை இதே நிலைதான். ஹவுஸ் சர்ஜனாக முதல் முறை அந்த வார்டுக்குள் வரும் உங்களுக்குப் புத்தகத்தில் உள்ளது தெரியும். நான்கு வகை வைரஸ், பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு, கடித்த நான்கு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் என்பதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. வார்டில் நின்று பார்த்துத் தெளிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

தீவிர டெங்குவை முறையாகக் கவனிக்காவிட்டால் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் இறந்துபோகலாம். முறையாகக் கவனித்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே புதிய மருந்து எதுவும் இல்லை. உப்பு நீர், ரத்த அழுத்தக் கருவி, கடிகாரம், பக்கத்தில் நிற்கும் நீங்கள், அவ்வளவுதான்.

1. முதலில் நாளை எண்ணுங்கள்.

"எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டால் "மூணு நாளா" என்பார்கள். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். "என்னைக்கு ஆரம்பிச்சுது? காலையிலயா, ராத்திரியா? அன்னைக்கு வேலைக்குப் போனீங்களா? ராத்திரி சாப்பிட்டீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமையிலிருந்து காய்ச்சல் என்று சொன்னவர், ஞாயிறு இரவே உடம்பு வலித்துச் சாப்பிடாமல் போர்த்திப் படுத்தது அப்போதுதான் வெளியே வரும். அந்த இரண்டு நாள் வித்தியாசத்தில் எந்தப் பரிசோதனை செய்வது, எப்போது விழித்திருப்பது என்ற கணக்கு முழுவதும் மாறிவிடும்.

கேஸ் ஷீட்டின் மேல் ஓரத்தில் பெரிய எழுத்தில் "காய்ச்சல் நாள் 4" என்று எழுதுங்கள். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் தொடங்கும் முன் அதை 5 ஆக்குங்கள். மருத்துவமனையில் சேர்ந்து எத்தனை நாள் என்பது இந்த நோய்க்கு வேண்டாத எண்.

2. காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடையாதீர்கள்.

மற்ற காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நோய் இறங்குகிறது என்று பொருள். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்புச் சூடு 100 டிகிரி அளவுக்கு வந்து அப்படியே தங்கும் நேரத்தில்தான் நுண்ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. அணுக்கள் உள்ளேயே நிற்கும். பிளாஸ்மா மட்டும் வெளியேறி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்கும். இது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். எல்லாருக்கும் கசிவதில்லை, பெரும்பாலானவர்கள் தாமாகவே தேறிவிடுவார்கள். யாருக்குக் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. சில பெரியவர்களுக்குக் காய்ச்சல் இருக்கும்போதே கசிவு தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த நேரத்தில்தான் வீட்டார் வந்து, "காய்ச்சல் விட்டுடுச்சு டாக்டர், கூட்டிட்டுப் போகலாமா?" என்பார்கள். கட்டில் தட்டுப்பாட்டில் நமக்கும் அனுப்பிவிடலாம் என்றே தோன்றும். அப்போது நோயாளியிடம் ஒன்று கேளுங்கள்: "காய்ச்சல் விட்டதும் தெம்பா இருக்கா, இல்ல முன்னைவிடச் சோர்வா இருக்கா?" தேறுகிறவன் பசிக்கிறது என்பான், எழுந்து நடப்பான். காய்ச்சல் போன பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல், வயிறு வலிக்கிறது, குமட்டுகிறது என்று சுருண்டு படுத்திருப்பவனை எந்தக் காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள்.

3. போர்வையை விலக்கிக் காலைத் தொடுங்கள்.

நோயாளியின் கையை அரை நிமிடம் பிடித்தால் ஐந்து செய்திகள் கிடைக்கும்: தோலின் நிறம், அதன் சூடு, நாடியின் வேகம், நாடியின் வலு, நகத்தை அழுத்தி விட்டதும் ரத்தம் திரும்ப எடுக்கும் நேரம். இரண்டு நொடிக்கு மேல் வெளுத்தே இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அதன் பிறகு பாதத்துக்கு வாருங்கள். உங்கள் புறங்கையால் பாதத்தைத் தொட்டு, அப்படியே கணுக்கால், முழங்கால் என்று மேலே கொண்டுபோங்கள். சில்லிப்பு எங்கே முடிந்து சூடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த எல்லை மேலே ஏறியிருந்தால் நிலைமை மோசமாகிறது.

எதற்காக இவ்வளவு சொல்கிறேன் என்றால், டெங்கு அதிர்ச்சி நிலை மற்ற அதிர்ச்சிகளைப்போல முகத்தில் தெரியாது. இருபது வயதுப் பையன் சம்மணமிட்டு உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பான். பெயர் கேட்டால் சொல்வான், ஊர் கேட்டால் சொல்வான். ரத்த அழுத்தம் 100/80. ஷீட்டில் "நார்மல்" என்று எழுதியிருக்கும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20. அவனுடைய உடல் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கீழ் எண் ஏறியிருக்கிறது, அதனால்தான் அவன் தெளிவாகப் பேசுகிறான். மேல் எண் விழும்போது ஒரேயடியாக விழும். அதன் பிறகு அவனை மீட்பது பெரும்பாடு.

ஆகவே இடைவெளியைக் கணக்கிட்டுத் தனியாக எழுதுங்கள். 20-ம் அதற்குக் குறைவும் அதிர்ச்சி. நாடி வலுவிழந்திருக்கும்போது தானியங்கிக் கருவி காட்டும் எண்ணை நம்பாமல் கையால் அழுத்திப் பாருங்கள். குழந்தைகளுக்கு அவர்கள் கைக்கேற்ற பட்டையைத் தேடி எடுங்கள். பெரியவர் பட்டையைக் குழந்தைக்குச் சுற்றி எடுத்த அளவு எதற்கும் உதவாது.

4. பி.சி.வி.யை அந்த ஆளின் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

பிளாஸ்மா வெளியேறினால் மிச்சமுள்ள ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். முதலில் இருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு உறுதி. மூன்றாம் நாள் 38 இருந்தவருக்கு ஐந்தாம் நாள் 46 வந்தால் கணக்குப் போட வேண்டியதில்லை, பார்த்ததும் தெரியும். நம் ஊர்ப் பெண்களிடம்தான் ஏமாந்துபோவோம். ரத்தசோகையோடு 30-ல் இருந்த பெண்ணுக்கு 36 வரும். ஆய்வகத் தாளில் அந்த 36-க்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இருக்காது, இயல்பான எண் என்றே அச்சாகியிருக்கும். அவளுக்கோ அது சரியாக 20 சதவீத ஏற்றம்.

அதனால் முதல் மூன்று நாளுக்குள் வந்த எல்லாருக்கும் ஒரு அடிப்படை எண் இருக்க வேண்டும். ஆபத்தான காலத்தில் நான்கு அல்லது ஆறு மணிக்கு ஒருமுறை எடுங்கள். ஆய்வகம் இரவில் முடிவு தரத் தாமதமானால் வார்டிலேயே சின்ன மையவிலக்குக் கருவி வையுங்கள். விரல் நுனியில் குத்தி, கேப்பிலரி குழாயில் முக்கால் பங்கு ரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து ஐந்து நிமிடம் சுற்றினால் போதும். சிவப்பு அடியில் தங்கும், மஞ்சள் நீர் மேலே நிற்கும், நடுவில் வெள்ளணுக்களின் மெல்லிய கோடு. அளவுகோலில் வைத்துப் படியுங்கள். இதை ஒருமுறை தன் கையால் செய்து பார்த்த ஹவுஸ் சர்ஜனுக்குக் கசிவு என்றால் என்னவென்று வாழ்நாளுக்கும் மறக்காது.

5. பிளேட்லெட்டைப் பாருங்கள், அதற்கு அடிமையாகாதீர்கள்.

வார்டில் அதிகம் கேட்கும் சொல் இதுதான். பக்கத்துக் கட்டில்காரருக்கு எவ்வளவு, நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று நடைபாதையில் பங்குச்சந்தை விலைபோல ஓடிக்கொண்டிருக்கும். ரத்த வங்கி வாசலில் கொடையாளரைத் தேடி அலைவார்கள். அவர்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பெற்ற பிள்ளை படுத்திருக்கும்போது கையில் கிடைத்த ஒரே எண்ணை அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் டெங்குவில் பெரும்பாலானவர்கள் இறப்பது பிளேட்லெட் குறைந்ததால் அல்ல. கசிவு கவனிக்கப்படாமல் அதிர்ச்சி நீண்டதால். பெரிய ரத்தப்போக்குகூடப் பெரும்பாலும் நீண்ட அதிர்ச்சிக்குப் பின்னால்தான் வருகிறது.

ரத்தப்போக்கு இல்லாத பெரியவர்களுக்கு 20,000-க்குக் கீழே போனதும் தடுப்பாகப் பிளேட்லெட் ஏற்றுவதால் பயன் உண்டா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சோதித்தார்கள். 2017-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஏற்றியவர்களுக்கு ரத்தப்போக்கு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தம் வெளிப்படையாகப் போகிறவருக்கு ஏற்றுவது வேறு விஷயம்.

எண் திடீரென்று பாதாளத்துக்குப் போனால் ரத்தப்படலத்தை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பிளேட்லெட்டுகள் கட்டிக்கட்டியாக ஒட்டியிருந்தாலும் இயந்திரம் குறைத்துத்தான் எண்ணும். இன்னொன்று: பிளேட்லெட்டுக்கு முன்னால் வெள்ளணுக்கள் குறையும், தேறும்போதும் வெள்ளணுக்களே முதலில் ஏறும். வீட்டாரிடம் நல்ல செய்தி சொல்ல அந்த எண் உதவும்.

6. பரிசோதனையை நாளுக்கேற்பக் கேளுங்கள்.

என்.எஸ்.1 முதல் ஐந்து நாளுக்கு. ஐ.ஜி.எம். ஐந்தாம் நாளுக்கு மேல். இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களுக்கு என்.எஸ்.1 இல்லை என்றே வரலாம். நோய் கடுமையாகும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். எனவே "நெகட்டிவ்" என்ற ஒரு சொல்லை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதுவும் இல்லாவிட்டால், ரத்த அழுத்தப் பட்டையை மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். விட்டபின் ஓர் அங்குலச் சதுரத்தில் பத்துக்கு மேல் சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் சந்தேகம் வலுக்கிறது.

7. வருவதற்கு முன் என்ன ஊசி போட்டார்கள் என்று கேளுங்கள்.

நம்மிடம் வருமுன் பெரும்பாலும் ஓர் இடத்தில் ஊசி போட்டிருப்பார்கள். அது டைக்ளோஃபெனாக்காக இருந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், பிளேட்லெட் குறைந்த உடம்பில் ஊசி குத்திய புட்டத்திலேயே ரத்தம் கட்டலாம். டெக்சாமெத்தசோனாக இருந்தால் காய்ச்சல் நேரத்துக்கு முன்பே இறங்கி நம் கணக்கைக் குழப்பும், வெள்ளணு எண்ணிக்கையையும் ஏற்றிக்காட்டும். டெங்குவில் ஸ்டீராய்டால் பயன் எதுவுமில்லை.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். குழந்தைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். சூடு முழுதாக இறங்கவில்லை என்று நடுவில் இன்னொன்று கொடுத்தால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் கல்லீரலுக்குச் சுமை கூடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம், ஆஸ்பிரின் மூன்றும் வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் வந்தால் மூத்தவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

8. டிரிப்ஸ் ஒரு மருந்து. அளவில்லாமல் கொடுக்காதீர்கள்.

"டிரிப்ஸ் போட்டாச்சா?" என்று கேட்கிறோம். "ஆச்சு" என்ற பதிலோடு திருப்தி அடைகிறோம். கேட்க வேண்டியது வேறு: கிலோவுக்கு, மணிக்கு எத்தனை மி.லி.? எத்தனை மணி வரை? யார் எப்போது மறுபடி பார்ப்பது?

இந்தக் கணக்கை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பாங்காக் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள். 1958-ல் அந்த நகரத்தில் டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் பெரிதாகப் பரவியபோது குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். டாக்டர் சுசித்ரா நிம்மானித்யா அந்த நோயைக் கட்டிலருகே நின்று ஆண்டுக்கணக்கில் பார்த்து, கசிவு எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, எவ்வளவு நீர் போதும் என்று வகுத்தார். 1975-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் வழிகாட்டிக்கு அந்த மருத்துவமனையின் அனுபவமே அடித்தளம். நாம் இன்று எழுதும் ஒவ்வொரு டிரிப்ஸ் ஆணையிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது.

கணக்கு இதுதான். 50 கிலோ ஆள். ஒரு நாள் வழக்கமான தேவை: முதல் 10 கிலோவுக்கு 1000, அடுத்த 10-க்கு 500, மீதி 30-க்கு 600, ஆக 2100 மி.லி. இதோடு உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 2500 மி.லி. சேர்த்தால் 4600. அதிர்ச்சி நிலைக்குப் போகாதவருக்குக் கசிவுக் காலம் முழுமைக்குமான உச்சவரம்பாகத் தாய்லாந்திலும் இலங்கையிலும் இதையே வைக்கிறார்கள். வாயால் குடித்ததும் இதில் அடக்கம். ஒரு நாளுக்கு அல்ல, 48 மணி நேரத்துக்கு. கசிகிற ரத்தக்குழாய்க்குள் எவ்வளவு ஊற்றினாலும் கசியும். நாடியும் சிறுநீரும் குறையாத அளவுக்கு மட்டும் கொடுத்து அந்த இரண்டு நாளைக் கடத்திவிட வேண்டும்.

எச்சரிக்கை அறிகுறி உள்ளவர், வாயால் குடிக்க முடியாதவர் என்றால் கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மி.லி. வரை தொடங்கி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் 3 முதல் 5-க்கும், பிறகு 2 முதல் 3-க்கும் இறங்குங்கள். ஒவ்வொரு படி இறங்கும் முன்பும் கையைப் பிடித்துப் பார்த்து, பி.சி.வி. எடுத்துப் பார்த்து இறங்குங்கள். இடைவெளி சுருங்கி அழுத்தம் விழாமல் இருக்கும் பெரியவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. அழுத்தமே விழுந்துவிட்டால் கிலோவுக்கு 20 மி.லி. பதினைந்து நிமிடத்தில் போக வேண்டும், அதே நேரத்தில் மூத்தவருக்குப் போனும் போக வேண்டும். நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் மட்டும். வீட்டார் கேட்கிறார்கள் என்று வெறும் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடாதீர்கள். அது ரத்தக்குழாயில் நிற்காது. பருமனானவருக்கு உயரத்துக்கேற்ற எடையை வைத்துக் கணக்கிடுங்கள், தராசு காட்டும் எடையை வைத்து அல்ல.

குடிக்க முடிகிறவருக்கு டிரிப்ஸ் வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல், அரிசிக் கஞ்சி, மோர், இளநீர் போதும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் கொடுத்தால் சோடியம் இறங்கும். பீட்ரூட், திராட்சை, மாதுளை ஜூஸ் வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். வாந்தி எடுத்தால் ரத்தமா ஜூஸா என்று நள்ளிரவில் யாருக்கும் தெரியாது.

சிறுநீரை அளந்து எழுதுங்கள். கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. வந்தால் போதும். அதற்கு மேல் தாராளமாகப் போகிறது என்றால் நாம் அதிகமாக ஏற்றுகிறோம்.

9. பி.சி.வி. இறங்கினால் நோயாளியைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

ஒருவருக்கு 48-லிருந்து 38. நாடி நிதானம், கால் சூடு, சிறுநீர் நன்றாகப் போகிறது, பசி எடுக்கிறது. கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. டிரிப்ஸை உடனே நிறுத்துங்கள். இன்னும் ஒரு பாட்டில் போகட்டும் என்று விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதிர்ச்சியில் பிழைத்தவர் மூச்சுத்திணறலில் போவார். கைகால் எங்கும் சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு அரிப்பு வந்தால் தேறும் கட்டம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொருவருக்கும் அதே 48-லிருந்து 38. நாடி ஓடுகிறது, கால் சில்லிட்டிருக்கிறது, அமைதியில்லாமல் புரள்கிறார். உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. மலம் கறுப்பாகும் வரை காத்திருக்காதீர்கள். கிலோவுக்கு 10 மி.லி. முழு ரத்தம் அல்லது 5 மி.லி. சிவப்பணு ஏற்பாடு செய்யுங்கள். இவருக்கு உப்பு நீரை மட்டும் தொடர்ந்து ஏற்றுவது உயிருக்கே ஆபத்து.

10. டெங்கு சீசனில் வருவதெல்லாம் டெங்கு அல்ல.

அதே மழைக்காலத்தில்தான் எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸும் வருகின்றன. ஸ்க்ரப் டைஃபஸிலும் பிளேட்லெட் குறையும், கல்லீரல் எண் ஏறும். வித்தியாசம் ஒரு கறுப்புப் பொருக்கில் இருக்கலாம்: சிகரெட்டால் சுட்டதுபோல, வலியில்லாமல், அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பின் அடியிலோ உள்ளாடை விளிம்பிலோ ஒளிந்திருக்கும். நோயாளிக்கே தெரியாது. திரை மறைத்து, பெண் நோயாளிக்குச் சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழு உடம்பையும் பாருங்கள். ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்கிளின் என்ற மலிவான மருந்து இருக்கிறது. டெங்கு என்று நினைத்துக் கொடுக்காமல் விட்டால் காப்பாற்றக்கூடிய உயிர் போகும். ஏழு நாள் தாண்டியும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் டெங்கு என்ற முடிவை மறுபடி கேள்விக்கு உட்படுத்துங்கள்.

இரண்டு நோய்கள் சேர்ந்தே வரவும் கூடும். வேலூரில் 1964-ல் காய்ச்சல் பரவியபோது ஒரே நோயாளியின் ரத்தத்திலிருந்து டெங்கு, சிக்குன்குனியா இரண்டு வைரஸ்களையும் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

11. கர்ப்பிணியைத் தனிக் கவனத்தில் வையுங்கள்.

அவளுக்கு இயல்பாகவே பி.சி.வி. குறைவு, நாடி வேகம், அழுத்தம் தாழ்வு. எல்லா எண்களும் நம்மை ஏமாற்றும். கசிவுக் காலத்தில் தவிர்க்க முடிந்த அறுவை சிகிச்சையைத் தவிருங்கள். மகப்பேறு மருத்துவரையும் ரத்த வங்கியையும் முன்கூட்டியே எச்சரியுங்கள்.

12. பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்டால் கோபப்படாதீர்கள்.

பாட்டி இடித்துக் கொண்டுவந்த சாற்றைத் தட்டிவிட்டால் அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அந்த வீட்டில் கேட்க மாட்டார்கள். பிளேட்லெட் சற்று வேகமாக ஏறுவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. கசிவைத் தடுக்கும் என்பதற்கோ உயிரிழப்பைக் குறைக்கும் என்பதற்கோ சான்று இல்லை. பலருக்கு வாந்தி வரும், வாந்தி இந்த நோயில் ஓர் எச்சரிக்கை அறிகுறி என்பதால் நம் கணக்கும் குழம்பும். இதை அப்படியே மரியாதையோடு சொல்லுங்கள். "பாட்டி, அதுக்குப் பதிலா நீங்களே பக்கத்துல உக்காந்து மணிக்கு ஒரு டம்ளர் கஞ்சி குடிக்க வையுங்க" என்று ஒரு வேலை கொடுங்கள். செய்வார்கள். நிலவேம்புக் குடிநீரைப் பற்றியும் இதையே சொல்வேன்: குடித்தாலும் மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப்போடக் கூடாது.

13. புறநோயாளியாக அனுப்புகிறவர் கையில் எழுதிக் கொடுங்கள்.

எல்லாரையும் சேர்க்க முடியாது, சேர்க்கவும் வேண்டாம். ஆனால் மாத்திரைச் சீட்டின் பின்புறம் தமிழில் எழுதுங்கள்: விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிடுதல், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது பதற்றம், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை. இதில் ஒன்று வந்தாலும் எந்த நேரமானாலும் வர வேண்டும். எழுதிய பின் தாயைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நாளை காலை எத்தனை மணிக்கு ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதையும் அதிலேயே குறியுங்கள்.

14. இரவு டியூட்டியை வாய்மொழியாக ஒப்படைக்காதீர்கள்.

"12-ம் கட்டில் டெங்கு, ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டுப் போவது ஒப்படைப்பு அல்ல. காய்ச்சல் நாள், கசிவு தொடங்கிய மணி, கடைசி பி.சி.வி., கடைசி இடைவெளி, இதுவரை போன நீர், வந்த சிறுநீர், அடுத்து பார்க்க வேண்டிய நேரம் ஆகிய ஏழும் ஒரு தாளில் இருக்க வேண்டும். இரவில் முதலில் கவனிப்பவர் ஸ்டாஃப் நர்ஸ்தான். "டாக்டர், அந்தப் பையன் முகமே சரியில்லை" என்று சிஸ்டர் சொன்னால் எண்கள் சரியாக இருந்தாலும் எழுந்து போய்ப் பாருங்கள்.

15. காய்ச்சலோடு இருப்பவர் பகலிலும் கொசுவலைக்குள் இருக்கட்டும்.

அவரைக் கடித்த கொசு, சில நாள் கழித்துப் பக்கத்துக் கட்டிலுக்கு நோயைக் கொண்டுபோகும்.

16. வீட்டுக்கு அனுப்புவதோடு உங்கள் வேலை முடியவில்லை.

மருந்தில்லாமல் 24 மணி நேரமாவது காய்ச்சல் இல்லாமல், பசியோடு, சிறுநீர் சரியாகப் போய், மூச்சுத்திணறல் இல்லாமல், பி.சி.வி. நிலையாக, பிளேட்லெட் ஏறுமுகமாக இருந்தால் அனுப்பலாம். சில வாரம் சோர்வு இருக்கும் என்று சொல்லி அனுப்புங்கள்; கூலி வேலைக்காரர்கள் மறுநாளே மூட்டை தூக்கப் போய்விடுவார்கள்.

டெங்கு என்று உறுதியானதும் அன்றைக்கே பொதுச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போக வேண்டும். படிவத்தில் தெருப் பெயரையும் கைபேசி எண்ணையும் சரியாக எழுதுங்கள். "காந்தி நகர்" என்று மட்டும் எழுதினால் ஊருக்கு நான்கு காந்தி நகர் இருக்கும், சுகாதார ஆய்வாளர் எங்கே போவார்? அந்தத் தெருவில் அடுத்து நோயாளியாகப் போகிறவர் இன்னும் நலமாக இருக்கும்போதே ஆய்வாளர் அங்கே போய்ச் சேர வேண்டும்.

கிளம்பும் முன் தாயிடம் இதையும் சொல்லுங்கள்: வாரம் ஒருமுறை குடத்தையும் டிரம்மையும் சிமெண்ட் தொட்டியையும் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.